துணிக்கடைக் கதவு

மாலை வெயில் கடைவளாகத்தின் கல்தளத்தில் சரிந்து கிடக்கிறது. மூட்டை சுமந்து காய்த்த தோளில் வயலினைச் சாய்த்துத் துணிக்கடைக்கு எதிரே வாசிக்கிறான் அவன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கோபித்துக்கொண்டு போன மனைவி சட்டைகளை மடித்து அடுக்குகிறாள். யாராவது நுழைந்தால் தானியங்கிக் கதவு விலகி உடனே மூடிக்கொள்கிறது. விலகும்போதெல்லாம், வாசிப்பதைப் பாதியில் விட்டு, அவளுக்குப் பிடித்த பாட்டின் ஓர் அடிக்குத் தாவுகிறான். "என்னண்ணே, கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி? காது புளிச்சுப்போச்சு" என்கிறான் காவலாளி. "கதவு திறந்தாத்தானே தம்பி அவளுக்குக் கேக்கும்." காவலாளி தலையில் அடித்துக்கொண்டு போய்க் கடைவாசலிலேயே நின்றுகொள்கிறான். கதவு மூட வழியில்லை. வயலின்காரன் அந்தப் பாட்டை முதலிலிருந்து தொடங்குகிறான். அவள் நிமிரவில்லை. மடித்து வைத்த சட்டையையே உதறி, மறுபடியும் மெதுவாக மடிக்கிறாள்.