தொட்டிலில் கட்டிய பூச்சிகள்

கெங்கம்மா வீட்டுத் தொட்டிலில் பூச்சிகளைக் காணோம்.

தங்கபுஷ்பம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று அவளே கொண்டுவந்து கொடுத்த சரம் அது. பச்சைப் பொன்வண்டு, சிவப்புத் தட்டான், மஞ்சள் பட்டாம்பூச்சி. குரோஷா ஊசியால் பின்னி, உள்ளே இலவம் பஞ்சு அடைத்து, இறக்கைகள் துவண்டுவிடாமல் கஞ்சி போட்டு விறைக்க வைத்திருந்தாள். கெங்கம்மாவும் ஆசையாக வாங்கித் தொட்டிலுக்கு மேலே கட்டினாள்.

இன்று அந்த இடத்தில் கடையில் வாங்கிய காகிதப் பூ ஆடிக்கொண்டிருந்தது.

"சரம் எங்கே கெங்கம்மா?"

கெங்கம்மா குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"அதுவாக்கா? கொயந்த இஸ்து இஸ்து வாயில வெச்சிகினான். அதான் கயட்டி உள்ள வெச்சிட்டேன்."

"இன்னும் தலையே நிக்காத பிள்ளை இழுத்து வாயில வச்சானா?"

"இன்னாக்கா நீ, போலீஸ்காரன் மாரி கேக்குற! குந்து, டீ போடறேன்."

தங்கபுஷ்பம் உட்காரவில்லை.

பின்னும்போதே மாமியார் செல்லக்கனி தடுத்தாள். "ஏட்டி, பிள்ளை பெறாதவ பின்னினதைப் பிள்ளைத் தொட்டில்ல கட்டாதே. நாளைக்கு அது தும்மினாக்கூட உன் கைராசின்னுதான் சொல்லுவாளுவ."

"கெங்கம்மா அப்படிப்பட்டவ இல்ல மாமி" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தவள்தான் தங்கபுஷ்பம்.

குழாயடியில் பக்கத்து வீட்டு ராஜாத்தி குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். வெளியே வந்த தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பூச்சி சரமா? கெங்கம்மாவ இன்னாத்துக்கு மொறச்சிகினு வர? உன் மாமியாதான் வந்து அவுத்துகினு போச்சு. நேத்து நீ லேஸ் பின்ன சொல்லிக் குடுக்கப் போனியே, அப்போ. முந்தானியில முடிஞ்சிகினு விசுக்குனு போச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

தங்கபுஷ்பம் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். கல்யாணமாகிப் பட்டணத்துக்கு வந்ததிலிருந்து மாமியார் அவளைக் குத்திப் பேசியதே கிடையாது. சர்ச்சில் சபை ஆட்கள் யாராவது "விசேஷம் உண்டா?" என்று ஆரம்பித்தால், "ஆண்டவர் தரும்போது தருவார்" என்று முந்திக்கொண்டு வாயடைத்துவிடுவாள். அந்த மாமியாரா?

வீட்டில் செல்லக்கனி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, சரத்தை என்ன செஞ்சீங்க?"

முறம் நின்றது. "எந்தச் சரம்?"

"கெங்கம்மா வீட்டுல அவுத்துட்டு வந்தீங்களே, அது."

"எங்கேயோ போட்டேன். வேற சோலி இல்லையா உனக்கு?"

தங்கபுஷ்பம் விறுக்கென்று திரும்பினாள். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"எங்கேட்டி கிளம்புற?"

"சாயர்புரத்துக்கு. எங்க அப்பா வீட்டுக்கு. உங்க மகன் கடையிலிருந்து வந்ததும் என்னைத் தூத்துக்குடி ரயில்ல ஏத்திவிடச் சொல்லுங்க."

"எப்ப வருவ?"

"என் கைபட்ட பூச்சியே ஒரு தொட்டில்ல தொங்கக் கூடாது. நான் எதுக்கு மாமி இந்த வீட்டுல?"

செல்லக்கனி முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

அதற்குள் குழந்தையும் கையுமாகக் கெங்கம்மா ஓடிவந்தாள். ராஜாத்தி போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

"யக்கா, பொட்டிய மூடு மொதல்ல! இன்னா பெரிம்மா, வாயில கொயக்கட்டயா வெச்சிகினு கீற? நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"வாயை மூடு கெங்கம்மா! சத்தியம் பண்ணினியேட்டி!"

"சத்தியமாவது சாம்பாராவது! இங்க குடும்பமே ஒடையுது." கெங்கம்மா தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினாள். "அக்கா, உன் சரம் திருவொத்தியூர்ல கீது. அம்மன் கோயில் மரத்துல. புள்ள வேணும்னா அங்கதான் துணியில சின்னதா தொட்டில் கட்டுவாங்க. எனக்கும் கட்டின அப்பறம்தான் இவன் பொறந்தான். அத்த நாந்தான் சொன்னேன். மறுநாளே உங்க மாமியா வந்து, பஸ்ஸு எங்க ஏறணும், எங்க எறங்கணும்னு கேட்டுகினு தனியா கெளம்பிச்சு. 'அவ சர்ச் உபதேசியார் மவ, தெரிஞ்சா விடமாட்டா'ன்னு என்னாண்ட சத்தியம் வேற வாங்கிகினுது."

தங்கபுஷ்பத்தின் கையிலிருந்த சேலை நழுவிப் பெட்டிக்குள் விழுந்தது. ஞாயிறு தவறாமல் முதல் பெஞ்சில் உட்காரும் மாமியார். மாதர் சங்கத் தலைவி.

"நீங்களா மாமி? கோயில் மரத்துலயா?"

செல்லக்கனி விரைந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசு. சபை ஆளுக காதுல விழுந்துரப் போவுது."

"சரி, தொட்டில் கட்டினீங்க. அதுக்கு என் பூச்சி எதுக்கு?"

செல்லக்கனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தச் சாமிகிட்ட எப்படிக் கேக்கணும்னு எனக்கு என்னட்டி தெரியும்? 'என் மருமவ வயித்துல ஒரு புழு பூச்சி குடு தாயே'ன்னு நம்ம ஊர்ப் பேச்சுல கேட்டேன். புதுசா வந்த என் பேச்சு அந்த அம்மனுக்குப் புரிஞ்சுதோ இல்லையோன்னு, பூச்சியையே தொட்டில்ல போட்டுக் காட்டிட்டு வந்தேன்."