யாரும் எடுக்காத வேலை

நெருங்கி உட்காருங்கள் மக்களே, ஒரு வீட்டுக்கு மாடி எழும்பிய கதையைச் சொல்கிறேன்.

கோட்டாற்றில் தனியாளாக ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் நடத்தும் ரேஷ்மி, போன வருஷமே ஆர்க்கிடெக்ட் சங்கத்தை விட்டு விலகி, அதன் வாட்ஸப் குழுவிலிருந்தும் வெளியேறியிருந்தாள். அன்று காலை சங்கத் தலைவர் சத்தியநேசன் போனில் கூப்பிட்டார்.

“திரும்பச் சேந்துக்க மக்கா.”

“சேந்து என்னத்தக் கண்டேன் சார்? பொன்னாடையும் பிரியாணியும்தான். உங்க ஆளுக நாலு பேரு வேண்டாம்னு விட்ட வேலைதான், எனக்குக் கிடைச்ச மொதப் பெரிய வேலை.”

“எது?”

“தேங்காய்ப்பட்டணத்துல முத்துநாயகம் அண்ணாச்சி வீடு. துபாய்லருந்து வந்து மாடி கேட்டாரு. அஸ்திவாரம் மாடிக்கும் சேத்துப் போட்டதுன்னாரு. நேத்து மேல்கூரைக்குக் கான்கிரீட் போட்டாச்சு.”

அவர் அவசரமாகக் கேட்டார்.

“கீழ ஆளு இருக்கா?”

“பிள்ளையளோட குடும்பமே இருக்கு. ஏன் சார்?”

“எல்லாரையும் இப்பமே வெளிய எறக்கு மக்கா. அந்த வீட்ட வரைஞ்சவன் நான். மணல் தரை, கீழ்வீட்டுக்கு மட்டும் போட்ட அஸ்திவாரம். யாரும் மாடி எடுத்துராதீங்கன்னு இந்தச் சித்திரையிலயே குழுவுல போட்டேனே. அதாலதான் நாலு பேரும் விட்டாங்க.”

உங்கள் வீட்டு அஸ்திவாரம் உறுதியாக நிற்கட்டும் மக்களே. வேண்டாம் என்று சொல்லும் குரலும் உங்கள் வாசலுக்கு நேரத்தோடு வந்து சேரட்டும்.