ஒரு தாளுக்கு ஓர் எழுத்து

சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. அச்சகத்தில் வெளிச்சம் பச்சையாக இருந்தது போலத் தோன்றுகிறது. அமலோற்பவத்தின் நாவலை வெளியிடப் பெரிய பதிப்பகம் ஒன்று சம்மதித்திருந்தது. இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அவள் கணவர் தேவசகாயத்தின் பார்வை அதுவரை தங்காது.

“அவங்க போட்டாத்தான் மதிப்பு. பொறு, அமலா” என்றார் அவர்.

“நான் வாசிச்சுக் காட்டினா வேணாம்னுவீங்க. நீங்களே படிக்கணும்ல?”

சொந்தச் செலவில் அச்சுக்குக் கொடுத்தாள். மெய்ப்புத் திருத்தியவன் நான். ஒவ்வொரு தாளையும் தேவசகாயம் கண்ணருகே வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். “இன்னும் பெருசா” என்பாள் அவள். பக்கத்துக்கு நான்கு வரியானது, பிறகு ஒரு சொல்.

“புத்தகமா அக்கா, போஸ்டரா?” என்றார் அச்சகக்காரர்.

கடைசியில் பாய் அளவுத் தாளில் ஓர் எழுத்து மட்டும் வந்தது. தேவசகாயம் அதைத் தரையில் விரித்து, அதன் வளைவுக்குள் மண்டியிட்டு வெகுநேரம் இருந்தார்.

“தெரியுது, அமலா.”

என்ன எழுத்து என்று அவள் கேட்கவில்லை.

அந்த அச்சு அதோடு நின்றது. நாவலைப் பதிப்பகமே பிறகு பொடி எழுத்தில் வெளியிட்டது, நன்றாக விற்றது. தேவசகாயம் பார்வையில்லாமல் நெடுங்காலம் இருந்தார். அமலோற்பவம் வேறெதுவும் எழுதவில்லை. அச்சகக்காரர் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார். நான் எதையும் திருத்தாமல் வெறுமனே படிக்கிறேன்.