எதுவும் கலக்காத டப்பா

கிரீமைத் தடவிக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் தட்டை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பச்சை.

கிருமி கலந்த கிரீமாக இருந்தால் அவள் இப்படி நின்றிருக்க மாட்டாள். கிரீமில் வேண்டுமென்றே கிருமிகளைக் கலந்து, அது கெடாமலிருக்கச் சேர்த்த பிரிசர்வேட்டிவ் அவற்றைக் கொல்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கொல்லாவிட்டால் அதன் அளவைக் கூட்டச் சொல்வாள்.

இது ஒப்பிட்டுப் பார்க்க வைத்த டப்பா. எதையும் கலக்காதது.

கை தவறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். சீல் உடையாத மூன்று டப்பாக்களைப் புதிதாகத் திறந்து சோதித்தாள்.

இரண்டு நாளில் மூன்று தட்டும் பச்சை. மூடியைத் தூக்கியதும் திராட்சை வாசம் லேசாக வந்தது.

சூடோமோனாஸ். உடம்பில் தெம்பில்லாதவர்களை வீழ்த்திவிடும் கிருமி.

தண்ணீரிலோ குழாயிலோ இருந்து, தொழிற்சாலையிலேயே உள்ளே போயிருக்கிறது. ‘மென்மையானது’ என்று அட்டையில் போடுவதற்காகப் பாதியாகக் குறைத்த பிரிசர்வேட்டிவால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

நல்லவேளை. இன்னும் கடைக்குப் போகவில்லை.

அப்புறம்தான் நினைவு வந்தது.

முதலில் வந்த டப்பாக்களை ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள். சோதனை முடியட்டும் என்று அவளும் சொல்லவில்லை. தன் பங்கு இரண்டையும் பாளையங்கோட்டைக்கு, தங்கை லீதியாளுக்கு அனுப்பினாள். நர்ஸ். கை கழுவிக் கழுவித் தோல் வெடித்துக் கிடக்கிறது என்று போனில் அழுதிருந்தாள்.

கையுறை வியர்வையில் ஒட்டிக்கொண்டு கழல மறுத்தது. இழுத்து உரித்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டாள்.

“லீதியா, அந்தக் கிரீமப் பூசுனியா?”

“இல்லக்கா. கோவப்படாத. எனக்கு ஒரே பிசுபிசுப்பா இருந்துச்சு.”

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

“வார்டுல, கை கழுவுத இடத்துல வச்சிட்டேன். மத்த நர்ஸுங்க எல்லாரும் பூசிக்கிடுதாங்க. ஒரு டப்பா காலியே ஆயிட்டு.”

எந்த வார்டு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

லீதியாள் வேலை செய்வது குறைமாதக் குழந்தைகளின் வார்டில். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத்தான் அந்தக் குழந்தைகளைத் தொட வேண்டும்.

“அக்கா? லைன்ல இருக்கியா?”

சொன்னாள். எல்லாவற்றையும், மூச்சு விடாமல்.

மறுமுனையில் ஏதோ ஒரு இயந்திரம் விட்டு விட்டு ஒலித்தது.

“ரெண்டு பிள்ளைக்குக் காய்ச்சக்கா,” என்றாள் லீதியாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “எதனாலன்னு தெரியாம முழிச்சிக்கிட்டு நிக்கோம்.”

ஓடும் சத்தம். போன் கை மாறியது.

“டாக்டர் பேசுறேன். என்ன கிருமி?”

சொன்னாள்.

“நிச்சயமாவா?”

“தட்டு என் முன்னாலதான் இருக்கு, சார்.”

அவர் யாரிடமோ ஒரு மருந்தின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். உடனே, உடனே என்றார். பிறகு மறுபடி போனுக்கு வந்தார்.

“எந்தக் கம்பெனி கிரீம்?”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மேலாளர் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துக் கையசைத்தார்.

அவள் கம்பெனியின் பெயரைச் சொன்னாள்.

பிறகு, டாக்டர் கேட்காமலே, தன் பெயரையும்.