அல்லா பிச்சையோட வண்டி

அல்லா பிச்சை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குரும்பகரம் டீக்கடை வாசலில் சாய்ந்துவிட்டார் என்று சேதி வந்தபோது, இளையபெருமாள் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். ஆள் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வண்டி எங்க நிக்குது?" என்றார்.

சொர்ணாம்பாளுக்குத் திக்கென்றது. கட்டின புருஷன்தான், அதுக்காக மனுஷனுக்கு இவ்வளவு வன்மமா?

ஒரு காலத்தில் ரெண்டு பேரும் ஒரே லாரியில் பம்பாய் வரைக்கும் லைன் போனவர்கள். மாற்றி மாற்றி ஓட்டி, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அப்புறம், இளையபெருமாள் ஸ்டியரிங்கில் தூங்கி வழிகிறார் என்று அல்லா பிச்சை அப்போதைய முதலாளியிடம் போட்டுக் கொடுக்க, இவருக்கு வேலை போனது. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. இவர் இப்போது உள்ளூரில் நெல் மூட்டை ஏற்றுகிற டிராக்டர் ஓட்டுகிறார். அல்லா பிச்சை எதிரே வந்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார்.

சேதி கொண்டுவந்த டீக்கடை சிவராமன் மிச்சத்தையும் சொன்னான். லாரியில் இருப்பது கருக்களாச்சேரி மீன், ஐஸ் போட்டு ஏற்றியது. விடியறதுக்குள் எர்ணாகுளம் மார்க்கெட்டில் இறங்கியாகணும். ஆளை ஆம்புலன்ஸில் காரைக்காலுக்கு அனுப்பியாச்சு. வண்டி வெயிலில் நிற்கிறது. இன்னொரு லோடு கெட்டால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று முதலாளி நவநீதன் போன மாதம்தான் அல்லா பிச்சையை நாலு பேர் நடுவில் மிரட்டியிருந்தான். இந்த வயசில் வேலை போனால் அவரை எவன் கூப்பிடுவான்?

இளையபெருமாள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

"ஏங்க, எங்க போறீங்க?"

சட்டையை மாட்டினார், லைசென்ஸைப் பையில் செருகினார், போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஊரே வாசலில் கூடிவிட்டது. இளையபெருமாள் அந்த லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாராம். சாவி அல்லா பிச்சையின் பையோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க, இவருக்கு ஏது சாவி? மீனை வாய்க்காலில் கொட்டி அவர் பிழைப்பில் மண்ணைப் போடப் போகிறார் என்று ஒருத்தர். இல்லையில்லை, வித்துக் காசாக்கிவிடுவார் என்று இன்னொருத்தர். சிவராமனாவது வாயை மூடினானா? அவனும்தான் பேசினான்.

சொர்ணாம்பாளுக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். ஆனாலும் புருஷன் ஊர் வாயில் அரைபடுவது பொறுக்கவில்லை. அவர் வந்து சொல்லுவார், அதுவரைக்கும் அவங்கவங்க சோலியைப் பாருங்க என்று எல்லோரையும் விரட்டிக் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு அழுதாள்.

நவநீதன் இளையபெருமாளுக்குப் போன் போட்டபோது, மீன் போய்க்கிட்டிருக்கு, வண்டி ஓட்டும்போது பேச மாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டாராம். அப்புறம் எடுக்கவே இல்லை. நவநீதன் நேரே போலீசுக்குப் போனான்.

மறுநாள் சாயங்காலம் காலி லாரி திரும்பி வந்து, எடுத்த இடத்திலேயே நின்றது. டீக்கடையில் நவநீதனும் ஏட்டும் காத்திருந்தார்கள். சொர்ணாம்பாள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

"யாரக் கேட்டு வண்டிய எடுத்தீங்க?" என்றார் ஏட்டு.

"யாரையும் கேக்கல."

"அதுக்குப் பேரு திருட்டு, தெரியுமா?"

"எழுதிக்குங்க. லைன்ல ஒரு டிரைவர் விழுந்தா, பின்னால வர்றவன் அந்த லோடைக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். நாங்க எவனும் எவனையும் கேட்டுக்கிட்டு நின்னதில்ல. இனிமேலும் கேக்க மாட்டேன்."

"சாவி?"

"மாத்துச் சாவிய பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால ஒட்டி வைப்பான். அந்தப் புத்தி இன்னும் மாறல அவனுக்கு."

ஏட்டு மீசைக்குள் சிரித்துக்கொண்டார். நவநீதன் நெளிந்தான். மீன் கெடாமல் நேரத்துக்கு வந்து இறங்கியதை மார்க்கெட்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அவசரப்பட்டுக் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னான்.

"பெரியவருக்கு நல்லா ரெஸ்ட் வேணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இனிமே அவரு வேணாம். இந்த வண்டிய நீங்களே வச்சு ஓட்டுங்க."

மறுபடியும் லைன் வண்டி. இதற்காகத்தானே இத்தனை வருஷம் ஏங்கினார் மனுஷன்! சொர்ணாம்பாள் புருஷன் முகத்தையே பார்த்தாள்.

"அது அவன் சீட்டு," என்றார் இளையபெருமாள். "அவன் எழுந்து வர்ற வரைக்கும் வேணா ஓட்டுறேன். வந்த அன்னிக்கு அவன்கிட்ட குடுத்துடணும். முடியாதுன்னா இந்தாங்க சாவி. அப்புறம் இந்தப் பக்கத்துல ஒரு டிரைவர் உங்க வண்டியில ஏற மாட்டான்."

நவநீதன் சரியென்று தலையாட்டினான். தன் தப்பைச் சரிக்கட்டுகிற மாதிரி, உடனே அல்லா பிச்சைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று செல்லை எடுத்தான்.

போலீசுக்கே அசையாத மனுஷன் பதறிப்போய் அவன் கையைப் பிடித்தார்.

"அது மட்டும் வேணாம் தம்பி. சொன்னீங்கன்னா நன்றி சொல்றேன்னு வீட்டுக்கே வந்து நிப்பான். நான் அவன்கூடப் பேசறதில்ல."