கீரைக் கவர்

கப்பலிலிருந்து கணவன் பர்னபாஸ் கூப்பிட்டான். அங்கே நெட் குறைவு என்பதால் குரல் மட்டும்தான் வரும்.

"ஏளா, கூண்டுல கெடக்க கினிபிக் எலிக்கு இன்னைக்கு என்ன குடுத்த?"

"மல்லித்தழைங்க. நல்லா அலசி, ஈரம் போக உலர்த்திட்டுத்தான் வச்சேன்," என்றாள் விஜிலா.

"பசலைக்கீரை?"

"அதை தினமும் குடுத்தா கல்லு சேரும்னு சொன்னீங்கல்லா, குடுக்கல. வெங்காயத்தாளைக் கண்ணுலயே காட்டல."

"அப்பா எங்க?"

"மாமா மாத்திரை போட்டுட்டுத் தூங்குதாவ."

"சரி, இப்ப கொஞ்சம் கீரை வை. நான் கேக்கணும்."

விஜிலா கீரைக் கவரை போன் பக்கத்தில் வைத்துக் கசக்கினாள். "வச்சிட்டேன். ஆசையாத் தின்னுது."



"கவர் சத்தம் கேட்டாலே அது வீடே அதிரக் கத்துமே, விஜிலா. போன வாரமும் கத்தல."

அவள் காலிக் கூண்டைப் பார்த்தாள். கடலில் இருப்பவர்களிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் வழக்கம்.

"வயிறு உப்பிச் செத்துப்போச்சுங்க. நீங்க வந்ததும் சொல்லலாம்னு..."

"அது போகட்டும்." அவன் குரல் இறங்கியது. "அப்பாவையும் போன தடவைலருந்து தூங்குதாவன்னுதான் சொல்லுத. அதுவும் இப்படித்தானா?"

விஜிலா எழுந்தாள். அடுத்த அறைக்குப் போய், கட்டிலருகே போனை நீட்டினாள்.

மாமனாரின் குறட்டை ஏறி இறங்கியது.

"அப்படியே பிடிச்சிக்கோ," என்றான் பர்னபாஸ். "கொஞ்ச நேரம் கேட்டுக்கிடுதேன்."