புது பம்ப் போட்ட பழைய கார்

"பழைய பம்பையே துடைச்சு மாட்டிட்டு, புதுசுன்னு சொல்லிட்டீங்க போல," என்றார் கார்க்காரர்.

அப்பா காலத்துக் கார். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்பை மாற்றிய பிறகும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. இன்றும், வீட்டில் கூடவே இருக்கும் மனைவியின் தம்பிதான் பட்டறை வரை தள்ளிக்கொண்டு வந்தான்.

"கழட்டின பழசு இதோ கிடக்கு சார். உள்ளே ரப்பர் கிழிஞ்சிருக்கு, பாருங்க," என்றார் மெக்கானிக்.

"எந்த வண்டியில கழட்டினதோ, யார் கண்டா?"

மெக்கானிக் வாதாடவில்லை. "டேங்க் மூடியைத் திறங்க."

கார்க்காரர் கழுத்துச் சங்கிலியில் இருந்த சாவியை எடுத்துத் திறந்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

"பூட்டு மூடியா? இதுல காத்து போக ஓட்டையே இல்லையே. டேங்குக்கே மூச்சு முட்டினா பம்ப் எப்படி சார் இழுக்கும்? எதுக்கு இதை மாட்டினீங்க?"

"போன மாசம் பெட்ரோல் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அதான்..."

"அது கிழிஞ்ச பம்ப் வழியா இன்ஜின் ஆயில்ல இறங்கிடுச்சு. யாரும் எடுக்கல."

பின்னால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்தான்.

"அக்காவுக்கு டேங்க் எந்தப் பக்கம்னே தெரியாது. அப்போ அந்தப் பூட்டு எனக்கா மாமா?"

கார்க்காரர் சாவியைச் சங்கிலியோடு கழற்றி அவனிடம் நீட்டினார்.

அவன் வாங்கவில்லை.